ஆர்ட் ஃபேரில் பேச்சு மேடை எதற்கு? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

டெல்லி ஓக்லாவில் ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் இந்தியா ஆர்ட் ஃபேர் நடக்கிறது. அங்கிருந்து நம் கைப்பேசிக்கு வந்து சேர்வதெல்லாம் சுவரில் மாட்டிய படங்களும், அவற்றின் முன் நின்று எடுத்த செல்ஃபிகளும்தான். அதே வளாகத்தில் ஒரு மேடை இருக்கிறது, அதில் நாளுக்குச் சில அமர்வுகள் நடக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். "எல்லாம் படம் விற்பதற்கான விளம்பரம்" என்பார்கள் சிலர். "விஷயம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, நமக்கு ஒன்றும் விளங்காது" என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சாலும் நல்ல அமர்வுகளைத் தவறவிடுகிறோம். அந்த மேடை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதில் எதை நம்பலாம், எதைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

## முதலில் சந்தை

ஆர்ட் ஃபேர் என்பது சந்தை. கலைஞர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்து விற்றுத் தருகிற நிறுவனங்களுக்குக் கேலரி என்று பெயர். பல ஊர்க் கேலரிகள் நான்கைந்து நாளுக்கு ஒரே கூரையின் கீழ் வந்து கடை போடுகின்றன. ஒவ்வொன்றும் எடுக்கும் தடுப்பறை பூத். அதற்கு வாடகை சதுர மீட்டர் கணக்கில். பெரிய ஃபேர்களில் பணம் இருந்தால் மட்டும் பூத் கிடைத்துவிடாது. ஒரு குழு விண்ணப்பங்களைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்கும்.

இந்த ஏற்பாடு இன்றைய வடிவில் தொடங்கியது 1967இல், ஜெர்மனியின் கொலோன் நகரில். 1970இல் சுவிட்சர்லாந்தில் ஆர்ட் பேசல் வந்தது, 2003இல் லண்டனில் ஃப்ரீஸ், 2007இல் ஆர்ட் துபாய். இந்தியாவில் 2008இல் டெல்லி பிரகதி மைதானத்தில் இந்தியா ஆர்ட் சம்மிட் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய இந்தியா ஆர்ட் ஃபேர்.

பியனாலேயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பியனாலே என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருங்காட்சி. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறி பியனாலே அந்த வகை. அங்கே படைப்புக்குப் பக்கத்தில் விலைப்பட்டியலோடு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஃபேரில் உட்கார்ந்திருப்பார்கள்.

## புத்தகக் கண்காட்சி மேடையும் இதுவும்

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். உள்ளே கடைகள், வெளியே மேடை, மாலையில் சொற்பொழிவு. பேச்சைக் கேட்க வந்தவர் புத்தகம் வாங்குவார், புத்தகம் வாங்க வந்தவர் பேச்சைக் கேட்பார். ஆர்ட் ஃபேரிலும் வெளித்தோற்றத்துக்கு இதேதான்.

வித்தியாசம் விலையில் இருக்கிறது. ஒரு புத்தகத்தின் ஆயிரம் பிரதிக்கும் ஒரே விலை, அதுவும் பின்னட்டையிலேயே அச்சாகியிருக்கும். நகைக்கடையிலும் அப்படித்தான். ஹால்மார்க் இருக்கிறதா என்று பார்க்கலாம், எடை போடலாம், அன்றைய கிராம் விலையால் பெருக்கலாம், செய்கூலி சேதாரத்தைக் கூட்டினால் தீர்ந்தது. ஓவியத்தை எடை போட முடியாது. கேன்வாஸ், வண்ணம், சட்டம் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ஆகியிருக்கும். அதே அளவு, அதே பொருள் கொண்ட இரண்டு ஓவியங்களில் ஒன்று நாற்பதாயிரத்துக்கும் மற்றொன்று நாற்பது லட்சத்துக்கும் போவது நடக்கிற காரியம்.

இதன் உச்சத்தை 2019 டிசம்பரில், ஆர்ட் பேசல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் நடத்தும் ஃபேரில் பார்த்தோம். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான், ஒரு வாழைப்பழத்தை டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, அதற்கு 'காமெடியன்' என்று பெயர் வைத்தார். விலை 1,20,000 டாலர். வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும். பழம் அழுகினால் புதுப் பழம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பிரதி, கட்டணங்களையும் சேர்த்து, 62 லட்சம் டாலருக்குப் போனது. பழத்தின் விலை ஏறவில்லை. அந்தப் படைப்பைப் பற்றி உலகம் பேசிய பேச்சு ஏறியது.

## நாலு பேரிடம் விசாரிப்பது

வரன் பார்க்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை நல்லவர் என்று மாப்பிள்ளை வீட்டாரே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவர் வேலை பார்க்கும் இடத்தில் விசாரிக்கிறோம், தெருவில் விசாரிக்கிறோம், அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவரிடம் கேட்கிறோம். சொல்கிறவருக்கும் அந்த வீட்டுக்கும் என்ன உறவு என்பதையும் சேர்த்துத்தான் எடை போடுகிறோம்.

சமகாலக் கலை, அதாவது நம் காலத்துக் கலைஞர்களின் கலை, இதே முறையில்தான் மதிப்புப் பெறுகிறது. இந்தக் கலைஞரை எந்தக் கேலரி காட்டுகிறது, எந்த மியூசியம் வாங்கியிருக்கிறது, யார் கட்டுரை எழுதியிருக்கிறார், யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்ற சாட்சிகள் சேரச் சேரப் பெயர் நிலைபெறுகிறது. பேச்சு மேடை, இந்தச் சாட்சிகள் வாய்விட்டுப் பேசுகிற பொது இடம். மற்ற சாட்சிகள் பெரும்பாலும் மூடிய அறைக்குள் நடக்கின்றன. இதை மட்டும்தான் டிக்கெட் வாங்கிய எவரும் உட்கார்ந்து கேட்கலாம்.

விளம்பரம் என்ற வாதம் எங்கே தவறுகிறது என்றும் இங்கே பார்க்கலாம். ஃபேரின் முக்கியமான விற்பனை பிரிவியூவில் நடக்கிறது. பிரிவியூ என்பது பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் முன்பு, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் வந்து பார்க்கும் நேரம். அதற்கும் முன்பே படங்களின் பிடிஎஃப் வாடிக்கையாளர்களுக்குப் போய், சில படைப்புகள் லாரியிலிருந்து இறங்கும்போதே விலை பேசி முடிந்திருக்கும். ஆக, ஞாயிற்றுக்கிழமை மாலை நடக்கும் உரையாடல் சுவரில் இருக்கும் அந்தப் படத்தை விற்பதற்காக நடப்பதில்லை. அந்தக் கலைஞரின் பெயர் ஐந்து வருடம் கழித்து எங்கே நிற்கும் என்பதில்தான் அதற்குப் பங்கு இருக்கிறது. மேடையில் விலை என்ற சொல்லே அநேகமாக வராது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஃபேர் ஒரு சந்தை, அதில் விற்கும் பொருளுக்கு எடைக்கல் கிடையாது, சாட்சிகளின் சொல்லே எடைக்கல், மேடை அந்தச் சொல் பொதுவில் சொல்லப்படும் இடம். அடுத்து, யார் யார் சாட்சி என்று பார்க்க வேண்டும்.

## எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறார்?

பேனல் என்றால் மூன்று நான்கு பேர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது. அதை நடத்திச் செல்பவர் நெறியாளர். பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட, ஒவ்வொருவரும் எந்த வேலையிலிருந்து வந்திருக்கிறார் என்று பார்ப்பது அதிகம் உதவும்.

கலைஞருக்குத் தன் பொருள் தெரியும். எந்தக் காகிதம், எந்த மண், எத்தனை முறை சுட்டது, எது உடைந்தது என்று அவர் பேசும்போது அதைவிடச் சுத்தமான சாட்சி கிடையாது. தன் படைப்பின் இடம் வரலாற்றில் எங்கே என்று அவரே சொல்லும்போது கொஞ்சம் நிதானித்துக் கேட்கலாம்.

கியூரேட்டர் என்பவர் காட்சிக்கான படைப்புகளைத் தேர்ந்தெடுத்து, எதன் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர். மியூசியத்தில் வேலை செய்யும் கியூரேட்டர் ஒரு கலைஞரோடு மேடையேறினால், அந்தக் கலைஞருக்கு அதுவே பெரிய கனம். விலையைப் பற்றி அவர் வாய் திறக்க மாட்டார். பல மியூசியங்களின் நடத்தை விதிகளே அதைத் தடுக்கின்றன.

கேலரி நடத்துபவருக்கு நடைமுறை அறிவு மிக அதிகம், பேச்சில் சொந்த ஆதாயமும் மிக அதிகம். முதல் விற்பனையில், அதாவது கலைஞரிடமிருந்து முதன்முறையாகப் படைப்பு கைமாறும்போது, தொகையில் சுமார் பாதி கேலரிக்குப் போவது வழக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாடகை, காப்பீடு, சரக்குப் போக்குவரத்து, கேட்டலாக் எல்லாம் அந்தப் பாதியிலிருந்துதான் போகின்றன. ஆனால் "இளம் கலைஞர்களில் யாரைக் கவனிக்க வேண்டும்?" என்ற பேனலில் அவர் மூன்று பெயர் சொன்னால், அந்த மூவரில் எத்தனை பேர் அவர் பூத்திலேயே தொங்குகிறார்கள் என்று போய்ப் பார்த்துவிடுங்கள்.

சேகரிப்பாளர் தான் ஆசையாக வாங்கியதைப் பற்றிப் பேசுவார். ஆசை உண்மைதான். அவர் வைத்திருக்கும் கலைஞரைப் பற்றிப் பேச்சு பெருகினால், அவர் வீட்டில் இருக்கும் படத்தின் மதிப்பும் பெருகும் என்பதும் உண்மை. படங்களை மியூசியங்களுக்கு இரவல் கொடுக்கிறாரா, ஆய்வாளர்களை வீட்டுக்குள் விடுகிறாரா என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால், புதியவர்கள் முதலில் கேட்க வேண்டியது இவர்கள் யாரையும் அல்ல. படங்களைப் பழுது பார்ப்பவர், கலைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர், படங்களை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகிறவர் ஆகியோர் உட்காரும் அமர்வுகள்தான். கூட்டம் குறைவாக இருக்கும், கேட்டதெல்லாம் வீட்டுக்கு உதவும்.

அப்படி ஓர் அமர்வில் என்ன கிடைக்கும்? காகிதத்தில் வரைந்த படத்தை எடுத்துக்கொள்வோம். சில வருடத்தில் அதன் மேல் தேநீர்த் துளி தெறித்தது போலப் பழுப்புப் புள்ளிகள் வரும். காற்றில் ஈரம் ஏறினால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், அதிலுள்ள இரும்புத் துகளும் துருப்பிடிக்கும். இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோதான் அந்தப் புள்ளிக்குக் காரணம் என்கிறார்கள். மியூசியங்கள் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டு அளவில் வைக்கப் பார்க்கின்றன, காகிதப் படங்களின் மேல் வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அடக்குகின்றன. கடற்கரை ஊர் வீட்டில் அந்த அளவு கிடைக்காது. ஆனால் கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி விடுவது, அமிலம் இல்லாத அட்டையில் பொருத்துவது, வெளிச்சுவரில் மாட்டாமல் இருப்பது, இவை எல்லோராலும் முடியும். இந்த மூன்றையும் ஒருவர் மேடையில் படம் மாட்டிய ஒரு பழைய மரச்சட்டத்தைப் பிரித்துக் காட்டிச் சொன்னால் பத்து நிமிடம்தான் ஆகும்.

சட்டப் பக்கத்திலும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி ஒன்பது கலைஞர்களின் படைப்புகளை இந்தியாவை விட்டு விற்பனைக்காக வெளியே கொண்டுபோக முடியாது: ராஜா ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், ரவீந்திரநாத் தாகூர், அபனீந்திரநாத் தாகூர், ககனேந்திரநாத் தாகூர், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக். நூறு ஆண்டு தாண்டிய ஓவியம் யாருடையதாக இருந்தாலும் தொல்பொருள். எனவே ரவி வர்மா கையால் வரைந்த ஓவியத்தை உள்ளூரில் வாங்கலாம், விற்கலாம். லண்டன் ஏலத்துக்கு இங்கிருந்து அனுப்ப முடியாது. இதோடு ஒட்டியது கைமாறிய வரலாறு. ஒரு படைப்பு கலைஞரின் அறையை விட்டுக் கிளம்பியது முதல் இன்றுவரை யார் யாரிடம் இருந்தது என்பதற்கான ஆவணத் தொடர் அது. நிலத்துக்குத் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் எப்படியோ அப்படி. நடுவில் ஒரு கண்ணி இல்லை என்றால் போலியோ திருட்டோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

## இது பட்டிமன்றம் இல்லை

தமிழ் மேடைப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பட்டிமன்றத்தில் இரண்டு அணி, ஒரு நடுவர், முடிவில் ஒரு தீர்ப்பு. பேனலில் அணி கிடையாது, தீர்ப்பும் கிடையாது. நெறியாளர் நடுவர் வேலை பார்ப்பதில்லை. ஒருவர் சொன்னதை எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பதும், புரியாத சொல்லைக் கூட்டத்துக்காக விளக்கச் சொல்வதும், நேரத்தைப் பார்ப்பதும் அவர் வேலை. "கடைசியில் என்ன முடிவு சொன்னார்கள்?" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. எந்த இடத்தில் இருவர் ஒத்துப்போகவில்லை என்று தேடினால் கிடைக்கும்.

எல்லா அமர்வும் பேனல் இல்லை. ஒரு கலைஞரோடு ஒருவர் மட்டும் உரையாடுவது உண்டு, தனி உரை உண்டு, பூத்துகளுக்கு நடுவே அழைத்துப்போய் விளக்குவதும் உண்டு. ஆர்ட் பேசல் தன் உரையரங்குகளை 'கான்வர்சேஷன்ஸ்' என்கிறது. ஆர்ட் துபாயின் 'குளோபல் ஆர்ட் ஃபோரம்' 2007 முதல் நடக்கிறது. முதல்முறை போகிறவர் இருவர் உரையாடலில் தொடங்குவது நல்லது. ஒரே பேச்சைப் பின்தொடர்ந்தால் போதும்.

## ஒரு மணி நேரக் கணக்கு

நல்ல பேனல் மேடையில் உருவாவதில்லை. பொருளும் ஆட்களும் சில மாதம் முன்பே முடிவாக வேண்டும். இரண்டு மூன்று வாரம் முன்பு நெறியாளர் எல்லோரையும் ஒரே வீடியோ அழைப்பில் கூட்டி, யார் எதைப் பேசப் போகிறார், எங்கே கருத்து மாறுபடுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கேள்விக்கும் பதிலை அங்கேயே வாங்கிவிடக் கூடாது. வாங்கினால் மேடையில் ஒப்புவித்தல்தான் நடக்கும்.

கணக்கு எளிது. 60 நிமிடத்தில் அறிமுகத்துக்கு 5, கூட்டத்தின் கேள்விக்கு 15. மீதி 40. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 13 நிமிடம்; ஒரு கருத்தைச் சொல்லி, எடுத்துக்காட்டுக் காட்டி, மறுப்புக்குப் பதில் சொல்லப் போதும். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 8 நிமிடம். அதில் நெறியாளர் கேள்வி கேட்கும் நேரமும் அடக்கம். ஐந்து பேர் பேனல் சப்பென்று போவதற்குப் பேசுகிறவர்களின் திறமைக்குறைவு காரணமில்லை, இந்த வகுத்தல்தான் காரணம். இதோடு, ஒவ்வொருவரும் "முதலில் என் வேலையைக் காட்டிவிடுகிறேன்" என்று ஸ்லைடு போடத் தொடங்கினால் உரையாடல் தொடங்கும்போதே நேரம் முடிந்திருக்கும். அதைத் தடுக்க வழி, ஆளுக்கு மூன்று படம் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அவற்றை முதல்நாளே வாங்கி ஒரே கோப்பில் அடுக்குவது.

மொழிபெயர்ப்பு சேர்ந்தால் கணக்கு மாறும். தமிழோ வேறு மொழியோ மட்டும் பேசும் கைவினைக் கலைஞரை மேடையேற்றி, அவர் ஒரு பத்தி பேச, மற்றொருவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல என்று போனால் நேரம் இரட்டிப்பாகும். அப்போது இருவருக்கு மேல் மேடையில் வைக்கக் கூடாது. இதைக் கணக்கில் எடுக்காமல் நாலு பேரோடு உட்கார வைத்தால், கையால் வேலை செய்கிறவர்தான் கடைசியில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்குவார். இந்த அநியாயம் திரும்பத் திரும்ப நடக்கிறது, தவிர்ப்பதும் சுலபம். காதில் கருவி மாட்டிக்கொண்டு உடனுக்குடன் மொழிபெயர்ப்பைக் கேட்கும் ஏற்பாடு இருந்தால் நேரம் மிஞ்சும். அதற்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் களைப்பில் சொற்கள் தவறும்.

அடுத்தது ஒலி. ஃபேர் நடப்பது கொட்டகையிலோ பெரிய ஹாலிலோ. ஏசி இரைச்சலும், பக்கத்து பூத்தின் வீடியோ சத்தமும் ஓயாது. சட்டையில் குத்தும் மைக் இந்த இரைச்சலையும் சேர்த்து இழுக்கும், ஸ்பீக்கர் அருகில் இருந்தால் ஊளையிடும். கைமைக்கோ, கன்னத்தோடு ஒட்டிய மைக்கோ நல்லது. கைமைக்கிலும் பேச்சு சூடுபிடித்ததும் கை மெல்ல மார்புக்கு இறங்கிவிடும், குரல் போய்விடும். முகவாய்க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லி ஒருமுறை பழக்கிவிட்டால் சரியாகிவிடும். பகல் வெளிச்சம் புகும் கொட்டகையில் புரொஜெக்டர் போட்டால் ஓவியம் வெளிறிப்போய்த் தெரியும். நிறம்தான் விஷயம் என்கிற இடத்தில் அது பெரிய குறை.

## காசு யாருடையது

உரையரங்குக்கென்று தனியாகப் பெரிய வருமானம் இல்லை. பூத் வாடகை, நுழைவுக் கட்டணம், விளம்பரதாரர் பணம் ஆகியவற்றிலிருந்துதான் அது நடக்கிறது. நிகழ்ச்சி நிரலில் ஓர் அமர்வின் பெயருக்குக் கீழே 'இணைந்து வழங்குவது' என்று ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ இருந்தால், நாற்காலிகளில் ஒன்றில் அந்த நிறுவனத்தின் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அது பொய் பேசும் அமர்வு என்று அர்த்தமில்லை. "கலை ஒரு முதலீடு" என்ற திசையில் பேச்சு சாயும் என்று எதிர்பார்க்கலாம். அந்த வகை அமர்வில் ஏறிய விலைகளின் பட்டியல் வரும். விற்க முயன்று ஆள் கிடைக்காத படங்களின் பட்டியல் வராது. பெரும்பாலான படைப்புகளுக்கு மறுவிற்பனைச் சந்தையே கிடையாது என்பதைப் புதியவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

## போய் உட்காரும்போது

ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் காது அடைத்துவிடும். பேசப்போகும் கலைஞரின் படைப்பு எந்த பூத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, பேச்சுக்கு முன்பே ஒருமுறை அதன் முன் நின்றுவிட்டு வாருங்கள். பேச்சு முடிந்து மறுபடி போய் நின்றால், முதல்முறை தெரியாதது ஒன்றிரண்டு தெரியும். இருபது நிமிடம் முன்னதாகப் போனால் ஸ்பீக்கருக்கு நேரே இடம் கிடைக்கும். புரியாத சொல் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே கைப்பேசியில் தேடாதீர்கள். அடுத்த இரண்டு வாக்கியம் போய்விடும்.

கேள்வி கேட்பதானால் அரை நிமிடத்துக்குள், ஒரே கேள்வியாக, யாரிடம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "இந்தப் படைப்பின் அர்த்தம் என்ன?" என்று கேட்டால் வழக்கமான பதில் வரும். "இந்த அளவு ஏன்? இதைவிடச் சிறிதாகச் செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டால் கலைஞர் நிமிர்ந்து உட்கார்வார். கேலரிக்காரரிடம், "இந்தக் கலைஞரின் படம் வாங்கியவர் திரும்ப விற்க வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். மேடையில் பதில் சுருக்கமாக வரும். அமர்வு முடிந்ததும் பேச்சாளர்கள் பத்து நிமிடமாவது மேடைப் படிக்கட்டுப் பக்கம் நிற்பார்கள். நீளமான பதில் அங்கேதான் கிடைக்கும். அங்கிருந்து நேராக அந்தக் கேலரியின் பூத்துக்குப் போய் விலைப்பட்டியலைக் கேளுங்கள். வாங்குகிறவர் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று விதி இல்லை, மேசையில் ஒரு தாள் இருக்கும், எடுத்துக் காட்டுவார்கள்.